ஒன்றரை மில்லிமீற்றர்

இரிடியம்-192 மூலம் என்பது ஏறத்தாழ மூன்றரை மில்லிமீற்றர் நீளமும் ஒரு மில்லிமீற்றருக்குக் குறைந்த தடிப்பும் கொண்ட ஓர் உலோகத் துணுக்கு. மெல்லிய உருக்குக் கம்பியொன்றின் நுனியில் அது பொருத்தப்பட்டிருக்கும். நோயாளியின் உடலுக்குள் முன்கூட்டியே வைத்த குழாய்களுக்குள் இயந்திரம் அந்தக் கம்பியைச் செலுத்தும். ஓரிடத்தில் சில வினாடிகள் நிறுத்தும். சில மில்லிமீற்றர் நகர்த்தி மறுபடி நிறுத்தும். எந்த இடத்தில் எத்தனை வினாடி என்று கணக்கிட்டு எழுதிக்கொடுப்பதுதான் பிராக்கிதெரபித் திட்டமிடல். ஒரே வசனத்தில் சொல்லிவிடக்கூடிய வேலையாக இருப்பதால், இது கணினி அறைக்குரியது, மென்பொருளைப் பழகினால் போதும் என்ற எண்ணம் கற்க வருபவர்களிடமும் கற்பிப்பவர்களிடமும் ஊறிப்போயிருக்கிறது. மருத்துவ பௌதிகவியலாளராக நான் பயின்ற காலத்தில் எனக்கும் பாடம் அந்த வரிசையில்தான் கிடைத்தது: முதலில் திரை, அடுத்துச் சூத்திரம், நேரம் மிஞ்சினால் சத்திரசிகிச்சைக் கூடம். பல உறுப்புகளுக்கும் திட்டம் போட்டுப் பழகிய பின் அந்த வரிசை தலைகீழானது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். பிராக்கிதெரபியில் திட்டத்தின் பெரும்பகுதி கணினிக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. குழாயை வைத்த கையும், அது வைக்கப்பட்ட உடலும் அதைத் தீர்மானித்துவிடுகின்றன. திரையில் நமக்கு மிஞ்சுவது சிறிய ஓர் இடைவெளி. அது எவ்வளவு சிறியது, ஒவ்வோர் உறுப்பிலும் எங்கே இருக்கிறது என்று அறிவதே கற்றல்.

இதை அச்சுவேலியிலிருந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பெண்களிடம் மார்பகப் புற்றுநோய். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் அவற்றோடு சேர்ந்து வருபவை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் புகையிலை நடுவது தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். வெற்றிலையோடு அதைச் சேர்த்து மெல்வது அதே அளவு பழைய வழக்கம். எங்கள் ஊரிலிருந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனை அதிக தூரமில்லை. 2011 ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள், சுமார் 670 கிலோமீற்றர் நடந்து திரட்டிய பணம் அந்த மருத்துவமனையை எழுப்ப உதவியது. நாட்டின் தென்முனையில் தொடங்கிய நடை வடமுனையில் உள்ளவர்களின் நோய்க்காக நடந்தது. அதற்கு முன்னரும், இன்றும் சில சிகிச்சைகளுக்கும், மஹரகமப் புற்றுநோய் மருத்துவமனையே போக்கிடம். அது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். இத்தனை தூரத்துக்கு அப்பாலிருந்து வரும் ஒருவருக்குக் கதிர்ச்சிகிச்சை தருகிறோம் என்றால், அந்தச் சிகிச்சையின் திட்டம் எப்படி உருவாகிறது, அதை இடுகிறவர் எதைக் கற்றிருக்க வேண்டும் என்பது ஊர்ப் பொது விஷயமாகவே ஆகிவிடுகிறது.

முதலில் பௌதிகம். மூலத்திலிருந்து தூரம் இரட்டித்தால், உடல் வாங்கும் கதிரின் அளவான டோஸ் கால்வாசியாகும். பாடசாலையில் எல்லோரும் படித்த இந்த விதி பிராக்கிதெரபியில் எடுக்கும் வடிவத்தை எண்களில் பார்த்தால்தான் உறைக்கும். மூலத்திலிருந்து 5 மில்லிமீற்றரில் இருக்கும் இழையத்தை 6 மில்லிமீற்றருக்குத் தள்ளினால் அது வாங்கும் டோஸ் 30 வீதம் குறைந்துவிடும். 2 சென்ரிமீற்றர் தூரத்தில் அதே ஒரு மில்லிமீற்றர் 9 வீத வேறுபாட்டைத் தரும். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் இயந்திரத்தில் மூலம் ஒரு மீற்றர் தள்ளி இருப்பதால், அங்கே அந்த ஒரு மில்லிமீற்றரின் மதிப்பு 0.2 வீதம்தான். இரண்டு சிகிச்சைகளும் ஒரே அலகில், கிறேயில், எழுதப்படுகின்றன. ஒரே துறையில் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் பிழை எங்கிருந்து வருகிறது என்பதில் அவை இரண்டும் வெவ்வேறு உலகங்கள். எங்கள் தோட்டங்களில் இறைப்புக்குப் பாத்தி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எந்தப் பாத்திக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் மாறுவது என்பதில் மாறுபவரின் திறமை இருக்கிறது. வாய்க்கால் போகாத மூலைக்கு அந்தத் திறமையால் தண்ணீர் போகாது. போகவைக்க நினைத்தால் அருகிலுள்ள பாத்தி அழுகிவிடும். மூலம் நிற்கும் நேரம் மாறும் தண்ணீர். குழாய் வைத்த இடம் வாய்க்கால்.

திட்டமிடலைக் கற்பிக்கத் தொடங்கவேண்டிய உறுப்பு கருப்பைக் கழுத்து. நோய் அதிகம் என்பது மட்டும் அதற்குக் காரணமல்ல; இந்தத் துறையின் முழு வரலாறும் அந்த ஓர் உறுப்பில் படிந்திருக்கிறது. 1898இல் கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டறிந்த சில ஆண்டுகளிலேயே மருத்துவர்கள் அதை உடலுக்குள் வைத்துச் சிகிச்சை செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஸ்டொக்ஹோமிலும் பாரிசிலும் வெவ்வேறு வழக்கங்கள் உருவாகின: இத்தனை மில்லிகிராம் ரேடியம், இத்தனை மணி நேரம். அது எவ்வளவு வைத்தோம் என்பதைச் சொன்னதே தவிர, உடல் எவ்வளவு வாங்கியது என்பதைச் சொல்லவில்லை. 1938இல் மான்செஸ்டரில் மார்கரெட் டாட், மெரிடித் என்ற இருவர் அந்தக் கேள்வியை மாற்றினார்கள். கருப்பைக்குள் போகும் நீண்ட குழாய், கருப்பைக் கழுத்தின் இரண்டு பக்கமும் வைக்கும் முட்டைவடிவக் குமிழ்கள், இவற்றின் நிலையிலிருந்து 2 சென்ரிமீற்றர் மேலும் 2 சென்ரிமீற்றர் பக்கவாட்டிலும் ஒரு புள்ளியைக் குறித்து அதற்கு ‘ஏ’ என்று பெயரிட்டார்கள். கருப்பைத் தமனி சிறுநீர்க்குழாயைக் கடக்கும் இடத்தை அண்டிய பகுதி அது. அந்த இழையத்தின் தாங்கும் சக்தியே சிகிச்சையின் எல்லை என்று அவர்கள் எண்ணினார்கள். கணினியும் இல்லை, ஸ்கானும் இல்லை. அதனால் அவர்களது முறையில் பாதிக்கு மேல் குழாய்களை எப்படி வைப்பது, குமிழ்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, துணியை எப்படி அடைப்பது என்ற விதிகள். டோஸ் அட்டவணை அந்த விதிகளின் கீழ் மட்டுமே செல்லும் என்று அவர்கள் திட்டமாகச் சொல்லிவைத்தார்கள். இன்று கற்கிறவர் ‘ஏ’ புள்ளியை மென்பொருளில் ஒரு சொடுக்கில் குறிக்கிறார். அந்தப் புள்ளிக்கு அர்த்தம் கொடுத்த விதிகள் பாடத்திலிருந்து நழுவிவிட்டன.

பழைய முறைகளைப் படிப்பது வரலாற்றுப் பாடம்தானே, இன்று அதனால் என்ன பயன் என்று கேட்கலாம். கேட்பவர்கள் பலர். பயன் இருக்கிறது, கையால் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் அது விளங்கும். கருப்பைக் கழுத்து நோயாளிக்கு முதலில் வெளிக்கதிராக 25 தடவையில் 45 கிறே. பிறகு பிராக்கிதெரபி, 7 கிறே வீதம் நான்கு தடவை. ஒரே தடவையில் அதிகம் கொடுத்தால் உயிரணுக்களுக்கு ஏற்படும் சேதமும் கூடுவதால், இவற்றை நேரடியாகக் கூட்ட முடியாது. எல்லாவற்றையும் தடவைக்கு 2 கிறே என்ற பொது அளவுக்கு மாற்றிக் கூட்டவேண்டும். கட்டிக்கு வழக்கமான மதிப்பைப் போட்டால் வெளிக்கதிர் 44, உட்கதிர் 40, மொத்தம் 84 கிறே. இனி மலக்குடலைப் பார்ப்போம். அது இந்த 7 கிறேயில் 70 வீதத்தை வாங்குகிறது என்று கொள்வோம். தாமதமாகச் சேதப்படும் இழையத்துக்குரிய மதிப்பைப் போட்டுக் கூட்டினால் மொத்தம் 74 கிறே. பொதுவாக ஏற்கப்படும் 75 கிறே எல்லைக்குள் நிற்கிறது. 70 வீதம் 80 ஆகிவிட்டால்? மொத்தம் 82. எல்லை கடந்துவிட்டது; பின்னாளில் இரத்தப்போக்கு, புண், ஓட்டை என்று வரக்கூடிய இடத்துக்குப் போய்விட்டோம். மூலத்தை ஒரு புள்ளியாகக் கருதி எளிய கணக்குப் போட்டால், அந்த 70க்கும் 80க்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர். குமிழ்களுக்குப் பின்னால், மலக்குடலைத் தள்ளிவைக்க அடைக்கும் துணியின் ஒரு மடிப்பு அவ்வளவு தடிப்பு இருக்கும். இந்தக் கணக்கைக் கையால் ஒருமுறை போட்டவர் துணி அடைப்பதைத் தாதியின் சில்லறை வேலை என்று நினைக்கமாட்டார். மென்பொருள் 82 என்று சிவப்பில் காட்டும். ஏன் 82 என்று சொல்லாது. ஏன் என்று அறிந்தவர்தான் அடுத்த தடவைக்கு முன் மருத்துவரிடம் போய் அடைப்பைப் பற்றிப் பேசுவார்.

என் வாதத்துக்கு வலுவான ஆதாரம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்விலிருந்து வருகிறது. ஆர்.ரி.ஓ.ஜி. என்ற கூட்டு அமைப்பின் இரண்டு சோதனைகளில் சிகிச்சை பெற்ற பெண்களின் படங்களை எடுத்து, குழாய் வைத்த தரத்தை மட்டும் தனியே மதிப்பிட்டு, விளைவோடு பொருத்திப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். குமிழ்கள் கருப்பைக் கழுத்து வாயிலிருந்து விலகியிருந்தவர்களில் நோய் அதே இடத்தில் திரும்பும் அபாயம் இரண்டரை மடங்கு. குமிழ்கள் நடுக்குழாய்க்குச் சமச்சீராக அமையாதவர்களிலும் அபாயம் அதே அளவில் கூடியிருந்தது. துணி அடைப்புச் சரியில்லாதவர்களில், நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாயம் இரண்டு மடங்கு. சுமார் நூறு பெண்களைக் கொண்ட சிறிய ஆய்வு அது. எண்களை அப்படியே எல்லோருக்கும் பொருத்திவிடக் கூடாது. ஆனால் திசை சந்தேகமற்றது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்தச் சோதனைகள் நடந்த காலத்துக்குப் பிறகு மென்பொருள் எவ்வளவோ முன்னேறிவிட்டது. குழாய் கொஞ்சம் விலகியிருந்தாலும் நிறுத்த நேரங்களை மாற்றிக் கணினியே சரிசெய்துவிடாதா? ஓரளவுக்குச் செய்யும், அதை நான் மறுக்கவில்லை. மூலம் நிற்கும் ஒவ்வோர் இடத்தின் வினாடியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்க முடிவது பெரிய வரம்; ரேடியக் குழாய்களோடு மல்லாடிய தலைமுறைக்கு அது கிட்டவில்லை. ஆனால் அந்த வரத்தின் எல்லையும் கணக்கில் தெரியும். கட்டியின் ஒரு மூலை அருகிலுள்ள குழாயிலிருந்து 2 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறது, அதற்கு 7 கிறே வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நிறுத்தத்தால் அதை எட்ட முயன்றால், ஒரு சென்ரிமீற்றரில் 28 கிறே, அரை சென்ரிமீற்றரில் 112 கிறே. இடையில் இருப்பது கட்டி மட்டும் என்றால் பரவாயில்லை. சிறுநீர்ப்பைச் சுவரோ பெருங்குடலின் வளைவோ இருந்தால் கணினி தரும் ‘தீர்வு’ ஒரு காயம். அப்படிப்பட்ட மூலைக்கு வழி, குமிழ்களுக்குப் பதிலாக வைக்கும் வளையத்தில் துளையிட்டு அதனூடாக ஊசி செருகும் அப்ளிகேட்டர். வியன்னாவில் அதை உருவாக்கியவர்கள் திரையில் விடை இல்லை என்று கண்ட பிறகே உலோகத்தில் தேடினார்கள்.

ஐரோப்பியக் குழுவொன்று 2005இலும் 2006இலும் வெளியிட்ட பரிந்துரைகள் இந்த உறுப்பின் பேச்சையே மாற்றின. புள்ளி ‘ஏ’யை விட்டு, எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியை வரைந்து, அதன் 90 வீத பருமன் எவ்வளவு டோஸ் வாங்குகிறது, அருகுள்ள உறுப்புகளில் மிக அதிகம் வாங்கும் 2 கன சென்ரிமீற்றர் எவ்வளவு வாங்குகிறது என்று கேட்கச் சொன்னார்கள். அந்த முறையைப் பின்பற்றிய எம்பிரேஸ் ஆய்வு 2008இல் தொடங்கி, 2021இல் 1,300க்கு மேற்பட்ட பெண்களின் முடிவை வெளியிட்டது: ஐந்து ஆண்டு முடிவில் 92 வீதத்தினருக்கு நோய் அதே இடத்தில் திரும்பவில்லை. இதைக் கேட்டவுடன் வரும் எதிர்ப்பேச்சு எனக்குப் பழக்கமானது: ஒவ்வொரு தடவையும் எம்.ஆர்.ஐ. எடுக்கும் வசதி எங்களிடம் எங்கே இருக்கிறது, ஆகவே இதைக் கற்று என்ன பயன்? நான் இதற்கு நேர்மாறாக வாதாடுவேன். எம்.ஆர்.ஐ. இல்லாத இடத்தில்தான் குழாய் வைப்பதன் தரம் இன்னும் முக்கியம். நோய் கண்டறிந்தபோது எடுத்த ஒரு படம், குழாய் வைக்கும்போது வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட், பிறகு ஒரு சி.ரி., மருத்துவர் விரலால் பரிசோதித்து வரைந்த கட்டியின் படம், இந்த நான்கையும் சேர்த்து வாசிக்கத் தெரிந்தவர் நிறையச் சாதிக்கலாம். குழாய் கருப்பைச் சுவரைத் துளைத்து வெளியே போயிருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்ட் அப்போதே காட்டிவிடும். இல்லாத கருவியைக் காரணம் காட்டி, இருக்கும் கருவிகளைக் கற்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியாது.

ஒரே எண் வெவ்வேறு உறுப்புகளில் வெவ்வேறு பொருள் தருகிறது என்பதைக் கற்க எனக்கு அதிக காலம் பிடித்தது. இன்று கற்பிக்கும்போதும் அங்கேதான் அதிகம் நிற்கிறேன். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்குக் கருப்பையை அகற்றிய பின், யோனியின் மேற்பகுதிக்கு உருளை வைத்துக் கதிர் கொடுப்பார்கள். 2010இல் வெளியான போர்டெக்-2 சோதனையில் அதன் அளவு 7 கிறே வீதம் மூன்று தடவை. கருப்பைக் கழுத்திலும் 7, இங்கேயும் 7. ஆனால் அங்கே அது மூலத்திலிருந்து 2 சென்ரிமீற்றர் தள்ளிய ஒரு புள்ளியின் கணக்கு; இங்கே உருளையின் மேற்பரப்பிலிருந்து 5 மில்லிமீற்றர் ஆழத்தின் கணக்கு. அந்த ஆழத்தில் 7 என்றால் மேற்பரப்பில் எவ்வளவு என்பது உருளையின் பருமனைப் பொறுத்தது. 2 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளை என்றால், புள்ளி மூலக் கணக்கில், மேற்பரப்பு இரண்டே கால் மடங்கு வாங்கும். 3 சென்ரிமீற்றர் என்றால் ஒன்றே முக்கால் மடங்கு. மூலம் பல இடங்களில் நிற்பதால் உண்மையான வேறுபாடு இதிலும் குறையும், ஆனாலும் இருக்கும். ஆகவே நோயாளிக்குப் பொருந்தும் உருளைகளில் பெரியதைத் தேர்வதே திட்டத்தின் முதல் முடிவு. அது திரையில் எடுக்கப்படுவதல்ல. உருளைக்கும் சுவருக்கும் இடையே காற்று தங்கிவிட்டால் அந்த இடத்துச் சுவர் விலகி நின்று, திட்டத்தில் எழுதியதைவிடக் குறைவாக வாங்கும். சி.ரி.யில் தேடினால் அது தெரியும். தேடவேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

உணவுக்குழாயில் அளவு குழாயின் நடுக்கோட்டிலிருந்து 10 மில்லிமீற்றரில் குறிக்கப்படுவது வழக்கம். விழுங்க முடியாதவருக்குத் துயர் தணிக்கும் நோக்கில் தருவது பெரும்பாலும் ஒரே தடவை, 12 கிறே. நெதர்லாந்தில் இதையும் உலோக வலைக்குழாய் வைப்பதையும் ஒப்பிட்ட ஆய்வு 2004இல் வந்தது: வலைக்குழாய் விரைவில் விழுங்க வைத்தது, பிராக்கிதெரபியின் பலன் நீண்டு நின்றது, சிக்கல்களும் குறைவு. இன்னும் எத்தனை மாதம் வாழக்கூடும் என்ற மதிப்பீடும் இங்கே திட்டத்தின் ஒரு பகுதி. மெல்லிய குழாயை வைத்தால் அது குழிக்குள் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு அந்தப் பக்கச் சவ்வைப் பொசுக்கும்; தடித்த குழாய் சவ்வை மூலத்திலிருந்து தள்ளிவைக்கும். மறுபடியும் உருளைப் பாடம்தான், வேறோர் உறுப்பில். நாக்கிலும் உதட்டிலும் இதே பாடம் எலும்புக்கு மாறுகிறது. கன்னத்திலும் தாடைக்கடியிலும் செருகிய பிளாஸ்டிக் குழாய்களுக்கும் தாடை எலும்புக்கும் இடையே ஒரு தடுப்பு அச்சை வைத்துச் சில மில்லிமீற்றர் விலக்கிவிட்டால், பின்னாளில் எலும்பு செத்து உதிரும் துன்பம் பெருமளவு தவிரும். அதைச் செய்பவர் பல் மருத்துவர். ஆகவே வாய்ப் புற்றுநோய்க்குத் திட்டமிடக் கற்பவர் பல் மருத்துவப் பிரிவையும் அறிந்திருக்க வேண்டும். இலங்கை ஆண்களின் முதன்மைப் புற்றுநோய் இது என்பதால் எங்களுக்கு இது ஏட்டுப் பாடமல்ல.

மார்பகம் வேறு வகை. கட்டியை அகற்றிய குழியைச் சுற்றி, இணையான பல கதீற்றர்களைச் சம இடைவெளியில் செருகுவார்கள். இங்கே வழிகாட்டுவது 1960களில் பாரிசில் பியர்கன், துத்ரே போன்றோர் வகுத்த முறை: குழாய்கள் இணையாக, சம தூரத்தில் இருக்கவேண்டும், அவற்றுக்கு நடுவே டோஸ் மிகத் தாழும் இடங்களின் சராசரியை எடுத்து, அதன் 85 வீதத்தைச் சிகிச்சை அளவாகக் கொள்ளவேண்டும். கணினி இல்லாத காலத்து விதி. ஆனால் இன்று கதீற்றர் ஒன்று வளைந்து தோலுக்கு அருகில் போய்விட்டால், அந்தப் பெண்ணின் தோலில் ஆண்டுகள் கழித்தும் தெரியும் தழும்பை எதிர்வுகூறுவது அந்த விதியே. 1,184 பெண்களோடு நடந்து 2016இல் வெளியான ஐரோப்பியச் சோதனையில், தேர்ந்தெடுத்த ஆரம்பநிலை நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சை முழு மார்பகத்துக்கும் தரும் வெளிக்கதிருக்குக் குறைந்ததல்ல என்று நிறுவப்பட்டது. ஐந்து ஆண்டில் அதே மார்பகத்தில் நோய் திரும்பியது முறையே 1.44, 0.92 வீதம். வாரக்கணக்கான சிகிச்சை சில நாட்களில் முடிகிறது. ஊரை விட்டு வரமுடியாத ஒருவருக்கு அந்த நாட்களின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு சிரமம் எதற்கு, நவீன வெளிக்கதிர் இயந்திரங்களால் அதே அளவைத் துல்லியமாகப் பாய்ச்சிவிடலாமே என்ற கேள்விக்குக் கருப்பைக் கழுத்து விஷயத்தில் கசப்பான விடை இருக்கிறது. அமெரிக்காவில் அப்படித்தான் நினைத்தார்கள். 1988இல் 83 வீதப் பெண்களுக்குக் கிடைத்த பிராக்கிதெரபி 2009இல் 58 வீதத்தினருக்கே கிடைத்தது. 2013இல் வெளியான அந்த ஆய்வில், ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளைப் பொருத்தி ஒப்பிட்டபோது, நான்கு ஆண்டு உயிர்வாழ்வு பிராக்கிதெரபி பெற்றவர்களில் 58 வீதம், பெறாதவர்களில் 46 வீதம். பெறாதவர்கள் வேறு காரணங்களால் நலிந்தவர்களாக இருந்திருக்கலாம் என்பதை முழுதும் தள்ளிவிட முடியாது. ஆனால் பொருத்திப் பார்த்த பின்பும் 12 வீதம் மிஞ்சுகிறது. சுவாசத்தோடும் சிறுநீர்ப்பை நிரம்புவதோடும் அசையும் கட்டியை வெளியிலிருந்து துரத்துவதும், அதற்குள்ளேயே வைத்த குழாயோடு சேர்ந்து அசைவதும் ஒன்றல்ல.

இனி நேரமும் தூரமும். ஐரோப்பிய மையங்களின் பழைய தரவுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வொன்று, மொத்தச் சிகிச்சைக் காலம் ஒரு வாரம் நீண்டால் அது கட்டியின் டோஸில் 5 கிறே இழந்ததற்குச் சமம் என்று கணித்தது. 84 கிறேக்கு நாம் மேலே போட்ட கணக்கு, ஒரு பேருந்துப் பயணம் தவறியதால் 79 ஆகலாம். 2006 ஆகஸ்ட்டில் போரால் முகமாலைப் பாதை மூடப்பட்டபோது குடாநாட்டு நோயாளிகள் கொழும்புக்குப் போகக் கப்பலுக்கும் விமானத்துக்கும் காத்திருந்த வாரங்களை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் மனம் கனக்கிறது. இன்று பாதை திறந்திருக்கிறது. ஆனால் பிள்ளைகளை யாரிடம் விடுவது, தோட்டத்தை யார் பார்ப்பது, தங்குவதற்கு எங்கே என்ற கேள்விகள் திறந்தே இருக்கின்றன. எத்தனை தடவையாகப் பிரிப்பது, இரண்டு தடவைகளை எவ்வளவு நெருக்கி வைப்பது என்பது திட்டமிடுகிறவரின் கையிலும் இருப்பதால், நோயாளியின் ஊர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூலத்தின் தேர்வும் இதோடு சேர்ந்தது. இரிடியம்-192 ஏறத்தாழ 74 நாளில் பாதியாகும். ஒரு நாளைக்கு ஒரு வீதம் குறைகிறது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக இறக்குமதி செய்யவேண்டும். அது தாமதித்தால் பத்து நிமிடச் சிகிச்சை இருபது நிமிடமாகி, பிறகு நின்றும் போகும். கோபால்ட்-60 பாதியாக 5.27 ஆண்டு எடுக்கும். அதன் கதிர் அதிக ஊடுருவல் கொண்டதால் அறைச் சுவர் தடிக்க வேண்டும். மற்றபடி நோயாளிக்குள் டோஸ் பரவும் விதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. கப்பலும் சுங்கமும் அந்நியச் செலாவணியும் தடுமாறிய ஒரு நாட்டில், எந்த மூலம் என்பது நோயாளிகளின் தவணை தவறாமையை நேரே தீர்மானிக்கும் முடிவு.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1992 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சிகிச்சையின்போது இரிடியம் மூலம் கம்பியிலிருந்து முறிந்து நோயாளியின் உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. அறையிலிருந்த எச்சரிக்கைக் கருவி ஒலித்தது. அது பழுதென்று எண்ணினார்கள். கையில் எடுத்துச் செல்லும் அளவுகருவியால் யாரும் நோயாளியைச் சோதிக்கவில்லை. அவர் சில நாட்களில் இறந்தார். 2005இல் சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட அறிக்கை, உயர் டோஸ் வேகப் பிராக்கிதெரபியில் ஐந்நூறுக்கு மேற்பட்ட விபத்துகள் பதிவாகியிருப்பதாகவும், முதன்மைக் காரணம் மனிதத் தவறு என்றும் சொல்கிறது. இணைப்புக் குழாயின் நீளத்தை மாற்றி எழுதுவது, குழாயின் நுனி எது அடி எது என்று திரையில் மயங்குவது, ஆள்மாறாட்டம்: திட்டமிடல் அறையில் நடக்கக்கூடியவை இவை. இவற்றுக்கு எதிராக நான் கற்றதில் எனக்கு மிகவும் பயன்பட்டது ஓர் எளிய பழக்கம். மூலத்தின் வலிமையையும் மொத்த நிறுத்த நேரத்தையும் பெருக்கி, அதே வகைக் குழாயும் அதே டோஸும் கொண்ட முந்தைய நோயாளிகளின் தொகையோடு ஒப்பிடுவது. தொகை வழக்கத்திலிருந்து விலகினால், காரணம் கிடைக்கும் வரை சிகிச்சை தொடங்கக் கூடாது. ரேடியக் காலத்தவர்கள் மில்லிகிராமையும் மணியையும் பெருக்கி வைத்த கணக்கின் வாரிசு இது; ஒரு தாளில் இரண்டு நிமிடத்தில் முடியும்.

இப்போது எனக்குக் கவலை தருவது எதிர்காலம் பற்றிய ஒரு விஷயம்; அது நல்ல செய்தியிலிருந்து பிறந்த கவலை. இலங்கையில் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்கு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பாடசாலைகளிலேயே ஏற்றப்படுகிறது. அந்த முதல் தொகுதிப் பிள்ளைகள் ஐம்பது வயதை எட்டுவது 2050களின் நடுப்பகுதியில். அதுவரை, தடுப்பூசி பெறாத அவர்களது தாய்மாரும் மூத்த சகோதரிகளும் நோய்க்கு உள்ளாகிக்கொண்டே இருப்பார்கள். ஆனால் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறையும் என்று எதிர்பார்க்கலாம். ஒரு மையத்தில் மாதத்துக்குப் பல நோயாளிகளைப் பார்த்துக் கற்ற கைகள் ஓய்வு பெறும். அடுத்து வருபவர்களுக்குக் கற்க நோயாளிகள் குறைவாக இருப்பார்கள். வரும் நோயாளிக்கோ முன்போலவே முழுத் தேர்ச்சி தேவைப்படும். ஆகவே இப்போதே ஒரு பதிவேடு தொடங்கவேண்டும் என்று கேட்கிறேன். ஒவ்வொரு தடவைக்கும் குழாய் வைத்த நிலையின் படம், துணி அடைத்த விதம் பற்றிய குறிப்பு, திட்டம், மூலத்தின் வலிமையையும் நேரத்தையும் பெருக்கிய தொகை, பின்னர் ஆண்டுதோறும் நோயாளியின் நிலை, இவையெல்லாம் பெயரும் அடையாளமும் நீக்கி ஒரே ஏட்டில் சேரவேண்டும். தெல்லிப்பழையிலோ மஹரகமவிலோ கற்க வரும் இளம் பௌதிகவியலாளருக்கு முதல் மூன்று மாதம் அந்தப் பதிவேடும் சத்திரசிகிச்சைக் கூடமும் மட்டும். நான்காம் மாதம் திரையைத் திறக்கலாம்.